பாடும் குழாய்களை அறுக்கச் சொன்ன வாரம்

ஏரி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. தோளில் கருவிப் பை, கையில் தலைக்கவசம். பெரிய சாலை வரை இறக்கம் என்பதால் கால்கள் தாமாகவே போயின. என்னை வேலைக்கு வைத்திருந்த பட்டறைக்காரன் குணா பின்னால் கத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே! நாளைக்குக் காலையில லோரி வருதுண்ணே! இப்படி நடுவுல விட்டுட்டுப் போனா நான் யாரைப் போய்த் தேடுவேன்?"

நான் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினேன். அதை அவன் வாழ்த்தாக எடுத்துக்கொண்டானோ வசவாக எடுத்துக்கொண்டானோ தெரியாது.

பூங்காக்களிலும் நடைபாதை ஓரங்களிலும் சிற்பங்களைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் எதை எங்கே நிறுத்தினேன் என்று சொல்ல ஆரம்பித்தால் அது சீக்கிரம் முடிந்துவிடும். விட்டுப் போன இடங்கள்தான் அதிகம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை ஒழுங்காகப் படித்தேன். இடைநிலைப் பள்ளியில் பாடம் மலாய் மொழியில் நடந்தது. எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் இடைவேளையில் எல்லாரும் கேண்டீனுக்குப் போனார்கள், நான் வாசல் வழியாக வெளியே போனேன். அப்புறம் மாக் மண்டின் பட்டறைகள், ஜொகூர், சிங்கப்பூர்க் கப்பல் தளம், கிழக்குக் கரையில் எண்ணெய்க் குழாய் வேலை. பேருந்து நிலையங்களில் படுத்திருக்கிறேன். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றிருக்கிறேன். பசித்தால் வேலை கிடைக்கும். வயிறு நிறைந்ததும் அந்த வேலை பிடிக்காமல் போகும். இரும்பை ஒட்டவும் அறுக்கவும் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் எங்கேயும் இடமுண்டு என்பதால் இது வெகுகாலம் நடந்தது.

தைப்பிங்கில் ஒருத்தி என்னோடு சில வருடங்கள் வாழ்ந்தாள். சாயங்காலங்களில் அங்குள்ள ஏரித் தோட்டத்தில் நடப்போம். மழைமரங்களின் கிளைகள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவள் சொன்னாள், "வீட்டுக்கு வரும்போது காலை இழுத்துக்கிட்டு வர்றீங்க. கிளம்பிப் போகும்போது மட்டும் என்ன அழகா நடக்கிறீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று ஏரியை விட்டு இறங்கும்போதும் அழகாகத்தான் நடந்திருப்பேன். ஆனால் காது மட்டும் பின்னாலேயே இருந்தது.

அது இயற்கையான ஏரி இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மேலே, குன்றின் அடியில், ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த பள்ளம். கல் வேலை நின்ற பிறகு தண்ணீர் தேங்கியது. தண்ணீரைச் சுற்றி நடைபாதை போட்டார்கள். பாதை நெடுகச் சிற்பங்களை வைத்தார்கள். தகட்டில் வெட்டிய கொக்குகள், மொசைக் ஒட்டிய ஓர் ஆமை. ஆமையின் முதுகில் பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் நிறமே போய்விட்டது. பாதையின் ஒரு பக்கம் வேலி, அதற்கப்பால் தண்ணீர். மறுபக்கம் புல்வெளி, அதற்கப்பால் கால்வாய், கால்வாயைத் தாண்டி அடுக்குமாடிப் பிளாட்டுகள். பிளாட்டு இருந்த நீளத்துக்குப் பாதையும் புல்லும் சேரும் ஓரத்தில் குழாய்கள் நின்றன.

தென்னை உயரத்துக்கு இல்லை, வாழை உயரத்துக்கு. துருப்பிடிக்காத எஃகு. ஒவ்வொரு குழாயிலும் நெஞ்சு உயரத்திலிருந்து மேல்நோக்கி நீளமாக ஒரு கீறல். அந்தக் கீறலில் காற்று நுழைந்தால் குழாய் பாடும். காலி போத்தலின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் வருமே ஒரு சத்தம், அதைவிட ஆழமாக, அதைவிட நீளமாக. குழாய்கள் ஒரே உயரமில்லை என்பதால் குரலும் ஒன்றாக இல்லை. காற்று ஏரியைச் சுற்றி வரும்போது ஒன்று ஆரம்பிக்கும், அது ஓயும்போது அடுத்தது எடுத்துக்கொள்ளும்.

நான் முதல் நாள் அளவெடுக்கப் போனபோது அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். குணா வந்து, "என்னண்ணே, நாடா சிக்கிக்கிச்சா?" என்றான். ஒன்றும் சிக்கவில்லை. தைப்பிங்குக்குப் போன் போடலாமா என்று தோன்றியது. வருடக்கணக்காகத் தோன்றாத எண்ணம். நம்பர் கூட என்னிடம் இல்லை.

நாங்கள் வந்தது அந்தக் குழாய்களை எடுத்துவிட.

காரணம் நியாயமான காரணம். பிளாட்டில் குடியிருப்பவர்கள் சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். அதில் முக்கியமானவர் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பார். அவர் படுக்கும் நேரத்தில்தான் காற்று எழும். இரண்டாம் நாள் அவரே கீழே இறங்கி வந்தார். கண்கள் சிவந்து, சீருடை கசங்கி.

"எப்பண்ணே எடுப்பீங்க?"

"இந்த வாரத்துக்குள்ளம்மா."

"உண்மையாத்தான் சொல்றீங்களா? போன தடவையும் யாரோ வந்து அளந்துட்டுத்தான் போனாங்க. நேத்து ஒரு ஊசியை ரெண்டு தடவை சரிபாத்தேன்ண்ணே. அப்படியும் சந்தேகம் போகல. தூக்கமில்லாம ஒரு நாள் நான் எதையாச்சும் மாத்திப் போட்டுருவேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் குழாயைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது.

அதே நாள்தான் இன்னொருவரையும் பார்த்தேன். குழாய்களுக்குப் பின்னால், கால்வாய்ப் பக்கத்துப் புல்லில் நான் குனிந்திருந்தேன். வெள்ளைக் கைத்தடி ஒன்று என் பூட்ஸைத் தட்டியது.

"யாரோ என் பாதையில நிக்கிறீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சிறிய சிலுவை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

"பாதை அந்தப் பக்கம் இருக்குண்ணே. இது புல்லு."

"அது கண்ணு இருக்கிறவங்களோட பாதை. அங்க போனா எல்லாம் மந்தமா இருக்கு. இங்கதான் சரியாக் கேக்குது." கைத்தடியால் பக்கத்துக் குழாயைத் தொட்டார். "இவன் கட்டைக் குரல். அடுத்தவன் மூக்கால பாடுவான். அவனைத் தாண்டினா பெஞ்சு. தம்பி புதுசா? புல்லு வெட்டுறவங்களா?"

பெயர் சவரிமுத்து. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடியில் சில்லுகளைப் பார்த்துச் சோதிக்கும் வேலை செய்தவர். "டாக்டரு இனிப்புநீர் நோய்ங்கிறாரு. என் மக, தே தாரிக்குல போட்ட சீனிங்குது. நான் என்ன சொல்றேன், கண்ணு அளவுக்கு மேல ஓவர்டைம் செஞ்சிருச்சு, ரிசைன் பண்ணிருச்சு." பார்வை முழுதாகப் போன பிறகுதான் மகள் ஜெசிந்தாவோடு இந்தப் பிளாட்டுக்குக் குடிவந்தாராம். அதனால் ஏரியை அவர் பார்த்ததே இல்லை.

"அப்புறம் இங்க வந்து என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேளுங்க தம்பி. சத்தம் ஒரு பக்கம் பிளாட்டு சுவத்துல மோதித் திரும்பி வருது. இன்னொரு பக்கம் போனது போனதுதான், வர்றதே இல்ல. வராத பக்கம்தான் ஏரி. நான் அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி உக்காந்துக்குவேன். நீங்கல்லாம் தண்ணியைப் பாக்க வர்றதா சொல்றீங்க, ஆனா எல்லாரும் போனைத்தான் பாக்குறாங்கன்னு என் மக சொல்லுது."

மகளுக்கு ஷிப்ட் வேலை. அப்பாவைத் தனியாக வெளியே விட முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு பல நாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்து பார்த்திருக்கிறாள். ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய் என்று அவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போவதையும் அப்படியே திரும்புவதையும் பார்த்த பிறகு ஒரு நிபந்தனை போட்டாளாம்: குழாய் பாடுகிற நாளில் போய்வரலாம், பாடாத நாளில் வீட்டை விட்டு இறங்கக் கூடாது.

"தெரியாமப் பின்னாடி வந்துச்சுன்னு சொல்றீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செருப்புச் சத்தம் தெரியாதா? பெத்த பிள்ளை ஆச்சே. தெரியாத மாதிரி நடந்தேன்."

நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர் கைத்தடியின் கைப்பிடியைத் திருகினார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்ண்ணே."

"அப்ப இனிமே எனக்கு லிப்ட் வரைக்கும்தான்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. தூரத்தை அளந்து சொல்வது போலச் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் அவர் வந்தார். நான் தரையில் போல்ட்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருப்பேன், அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குழாயிடமும் ஏதோ விடைபெறுகிறவர் மாதிரி முதுகில் கை வைப்பார். குணாவிடம் பேசிப் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை. மாக் மண்டினில் சின்னப் பட்டறை வைத்திருந்தான், இந்த மாதிரி வேலைகளை நம்பித்தான் பட்டறை ஓடியது.

"அண்ணே, அந்தப் பெரியவரு பாவம்தான். நான் இல்லேங்கல. அந்த மிஸ்ஸி? அதுவும் பாவம்தானே? இதுல நம்ம என்னண்ணே நியாயம் சொல்ல முடியும்? சத்தம் நிக்கணும்னு மாநகராட்சி ஆபிசுல சொல்லிட்டாங்க. முழுசா ஏத்துனா லோரியில நிக்காது. இடுப்பு உயரத்துல அறுத்து, துண்டு துண்டா ஏத்திடலாம். அறுக்கிற கிரைண்டர் நீங்கதான் பிடிக்கணும். உங்க கை மாதிரி நேரா வேற யாருக்கும் வராது."

பாராட்டுத்தான். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது, அந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. மனமில்லாத இடத்தில் நான் என்றைக்கும் நின்றதில்லை. பையை எடுத்தேன், நடந்தேன்.

இறக்கத்தின் முடிவில் ஜார்ஜ் டவுனுக்குப் போகும் பேருந்து ஏறினேன். தொழிற்சாலை விடும் நேரம். சாலையில் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசை போலப் போயின. பேருந்து ஊர்ந்தது. நன்றாகச் செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் ஜொகூர் ஞாபகம் வந்தது.

ஜொகூரில் ஒரு சாலைச் சந்திப்பின் நடுவே இரும்பில் செய்த பெரிய மீன் ஒன்றை நிறுத்தினோம். அடித்தளம் போதாது என்று எனக்குத் தோன்றியது. மேஸ்திரியிடம் சொன்னேன், அவன் கேட்கவில்லை. சண்டை போட்டேன். பிறகு வழக்கம்போல நடந்துவிட்டேன். நேர்மையாக நடந்துகொண்டேன் என்ற பெருமை எனக்குப் பல மாதம் இருந்தது. ஒரு புயல் மழையில் மீன் சாய்ந்து, நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் மேல் விழுந்தது. நல்ல காலம், காருக்குள் யாரும் இல்லை. அங்கே என்னோடு வேலை செய்தவன் பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் என்னைப் பார்த்துச் சொன்னான்: "நீ போன பிறகு உன் இடத்துக்கு ஒருத்தன் வந்தான். எதைச் சந்தேகப்படணும்னே அவனுக்குத் தெரியாது. போல்ட்டை இறுக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்குப் போனான்."

நீங்களும் ஒரு நாள் மனம் ஒப்பாத வேலையை விட்டு நடப்பீர்கள். நடக்க வேண்டிய வேலைகளும் உண்டு. ஆனால் நாம் நடந்துவிட்டதால் வேலை நின்றுவிடுவதில்லை. அந்த இடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது மட்டும்தான் அங்கிருந்து போய்விடுகிறது. நாளைக்கு யாரோ ஒருவன் கிரைண்டரைப் பிடிப்பான். அவனுக்குக் கட்டைக் குரல் எது, மூக்கால் பாடுவது எது என்று தெரியாது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இறங்கினேன். பசி. நாசி கண்டார் சோற்றுக் கடை ஒன்றில் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. வரிசை கலையாமல் இருக்க எஃகுக் குழாயில் தடுப்புக் கம்பி போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு நோய் உண்டு, நீங்களும் சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள்: எந்தக் கம்பியைப் பார்த்தாலும் தடவிப் பார்ப்போம். நான் தடவினேன். என் பக்கம் வழவழப்பு. சுவரைப் பார்த்த பக்கத்தில் விரலை விட்டேன். வெல்டிங் செய்த ஒட்டு, நீளமாக, கரடுமுரடாக.

"அண்ணே, கம்பியைத் தடவுறீங்களா, சோறு வேணுமா?" உள்ளேயிருந்து பாய் கேட்டார். கையில் தட்டு.

"இந்தக் கம்பியை யாரு பாய் போட்டது?"

"ஏன்லா, ஆடுதா?"

"இல்ல. நல்லாத்தான் போட்டிருக்காங்க."

"அப்ப நகருங்க. பின்னாடி பத்து வயிறு நிக்குது."

நகர்ந்தேன். மீன் குழம்பா கோழியா என்று அவர் கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தட்டில் இரண்டும் இருந்தன.

எந்தப் பட்டறையிலும் முதல் வாரத்திலேயே காதில் விழும் பேச்சு இது: ஒட்டு ஜனங்கள் கண்ணில் படக் கூடாது. குழாயை நிறுத்தினால் ஒட்டு உள்ள பக்கத்தை நடக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பு. மூளை யோசிக்காது, கை தானாகத் திருப்பும். நான் எத்தனையோ முறை திருப்பியிருக்கிறேன்.

ஏரிக்கரையில் அந்தக் குழாய்களை நிறுத்தியவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். குழாயின் கீறலைப் பார்த்திருப்பார்கள். ஒட்டாமல் விட்டுப்போன இடம் போல இருந்திருக்கும். அசிங்கம் என்று பின்பக்கம் திருப்பியிருப்பார்கள். அடித்தகட்டில் போல்ட் ஓட்டைகள் வட்டமாக, சம தூரத்தில் இருந்தன. எப்படி வைத்தாலும் பொருந்தும். குழாய்களைச் செய்த சிற்பி அவற்றை நிறுத்தும் முன்பே நோயில் விழுந்து, வந்து பார்க்கவே இல்லை என்று குணா சொல்லியிருந்தான். ஏரிக்கரையில் நிற்பதற்கென்று ஒருவர் பாடும் குழாய் செய்தால் அது ஏரியைப் பார்த்துத்தானே பாடும்? இங்கே வாய் முழுக்கப் பிளாட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. அதனால்தான் மிஸ்ஸிக்குத் தூக்கமில்லை. அதனால்தான் சவரிமுத்து பாதையை விட்டுவிட்டுக் கால்வாய் ஓரப் புல்லில் நடந்தார். சந்தித்த அன்றே அவர் அதை என்னிடம் சொன்னார். நான் பேச்சுச் சுவாரசியத்தில் கேட்டுக்கொண்டேன்.

ஒரு பொருளை அகற்றச் சொன்னால், அதை யார் எந்தப் பக்கம் நின்று பயன்படுத்துகிறார் என்று முதலில் பாருங்கள். வரைபடத்தில் அது இருக்காது.

குணாவுக்குப் போன் செய்யவில்லை. விட்டுப் போனவனுக்கு என்ன அக்கறை என்று கேட்பான், அந்தக் கேள்விக்குப் போனில் பதில் கிடையாது. அன்றிரவு சூலியா தெருவில் ஒரு மலிவு விடுதியில் தங்கினேன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். காற்று எந்தப் பக்கம் திரும்பும், குழாய் எப்படிப் பாடும் என்றெல்லாம் நான் படித்ததில்லை. ஆனால் படுத்திருந்தபோது அந்தச் சத்தம் வேண்டும் போல இருந்தது, பசி மாதிரி. ஓர் இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று என் வாழ்க்கையில் அதிகம் தோன்றியதில்லை. தோன்றிய ஒன்றிரண்டு தடவையும் போகவில்லை.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கிரேன் லோரி வந்துவிட்டிருந்தது. குணா கண்ணாடி மாட்டிக்கொண்டு கிரைண்டரோடு தானே நின்றான்.

"வேலைக்கா வந்தீங்க, வேடிக்கை பாக்கவா?"

"வேலைக்கு."

"என்ன வேலை?"

"நீ சொன்ன வேலைதான். அறுக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு குழாயை அரை வட்டம் திருப்பிப் பாக்கணும்." நாசி கண்டார் கடைக் கம்பியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குழாயின் பின்பக்கம் போய்க் கீறலில் விரலை வைத்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அவனும் பட்டறைக்காரன்தான், விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"சரிண்ணே, திருப்பினா சத்தம் நிக்கும்னு உறுதியாச் சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். அந்த மிஸ்ஸியை மேல நிக்க வெச்சுக் கேப்போம். கேக்குதுன்னு அது சொன்னா நானே எல்லாத்தையும் அறுத்து லோரியில ஏத்துறேன். உன்கிட்ட வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க வாயைத் திறக்காம இருந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே அவன் போனை எடுத்தான். ஆபிசில் இருந்தவரிடம் மலாயில் நயமாகப் பேசினான். மத்தியானத்துக்குள் சத்தம் நிற்க வேண்டும், எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது உங்கள் பாடு என்று பதில் வந்தது.

மற்றக் குழாய்களின் கீறல்களில் நனைத்த சாக்குகளைத் திணித்தோம். கட்டைக் குரல் குழாயை மட்டும் விட்டோம். நட்டுகளைக் கழற்றி, கிரேனில் தூக்குப் பட்டை போட்டு, ஒரு சாண் தூக்கினோம். கையால் தள்ளியே திருப்ப முடிந்தது. இறக்கி, இறுக்கினேன். கீறல் இப்போது பாதையைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்தது.

மிஸ்ஸி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். குணா விஷயத்தைச் சொல்லி மாடிக்கு அனுப்பினான். ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்துப் பால்கனியில் வந்து நின்றார். கை விரல்கள் கம்பியில் தாளம் போட்டன.

சவரிமுத்துவும் வந்திருந்தார். வழக்கம்போலப் புல்லில்தான் நின்றார். லோரிச் சத்தம் கேட்டு, இன்றுதான் என்று புரிந்து, மகள் தூங்கும்போது இறங்கி வந்திருக்கிறார்.

"அண்ணே, பாதைப் பக்கம் வாங்க."

"அங்க எனக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி."

"கையைக் குடுங்க."

கொடுத்தார். புல்லைக் கடந்து, குழாயைச் சுற்றி, பாதையில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் காலடியில் செங்கல் தளம் தட்டுப்பட்டதும் கைத்தடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

காற்று இல்லை.

எங்கள் வேலையில் எல்லாவற்றையும் நெம்புகோல் வைத்து நகர்த்திவிடலாம், காற்றை முடியாது. குணா மணியைப் பார்த்தான். கிரேன் ஓட்டுநர் இறங்கி நின்று, ஏரியில் மீன் உண்டா என்று கேட்டார். மேலே மிஸ்ஸி கொட்டாவி விட்டார். குணா கிரைண்டரைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அதைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன். அக்கரைப் பக்கத்தில் தண்ணீர் முதலில் சுருங்கியது. சுருக்கம் எங்களை நோக்கி வந்தது. வேலியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பை ஒன்று படபடத்தது.

குழாய் பாடியது. முன்பு கேட்ட அதே சத்தம் இல்லை. இன்னும் தாழ்வாக, இன்னும் மெதுவாக, பக்கத்தில் நிற்பவரின் மூச்சு போல. பாதையைக் கடந்து தண்ணீரின் மேல் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. சவரிமுத்துவின் வாய் கொஞ்சம் திறந்தது. அவர் முகம் சத்தம் போன திசையிலேயே தானாகத் திரும்பியது. நான் அவர் கையை விட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பால்கனியிலிருந்து மிஸ்ஸி கத்தினார்: "அண்ணே! எப்பண்ணே ஊத விடுவீங்க? ஆரம்பிங்களேன்லா, நான் தூங்கப் போகணும்!"

குணா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கிரைண்டரின் மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தான்.

சவரிமுத்து நடக்கத் தொடங்கியிருந்தார். யாரையும் கேட்கவில்லை. கைத்தடியால் செங்கல்லைத் தட்டிக்கொண்டு, தண்ணீர் ஓரமாக, பாதையின் நடுவில், தனியாக. முதல் குழாயின் குரல் அவர் முதுகில் தேய்ந்து போகும் இடம் வரை போனார். அதற்கு மேல் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அடுத்த குழாய் வாயில் சாக்கோடு இன்னும் பிளாட்டைப் பார்த்தபடி நின்றது. அவர் அதற்கு எதிரே நின்றார். தலையைச் சாய்த்து, ஏரியின் பக்கம் காதைக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.